சோற்றுக்குப் பயந்த வருஷம்

வெள்ளை எனாமல் தட்டு. அதில் சுருட்டி வைத்த சிவப்பு ரப்பர் குழாய், ஒரு கண்ணாடிப் புனல், முட்டை அடித்துக் கலக்கிய பால் ஒரு குவளை. நர்ஸம்மா அந்தத் தட்டோடு வராந்தாவில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். புனல் தட்டில் உரசி மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் என் கால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள். ஒருத்தி தலையைப் பிடிப்பாள். குழாயில் எண்ணெய் தடவி மூக்கு வழியாக விடுவார்கள். "முழுங்கு பிள்ள, முழுங்கு" என்பார்கள். தொண்டையில் அது இறங்கும்போது மூச்சு நின்றுவிடும். செத்துப்போனேன் என்று நினைப்பேன். பிறகு வயிற்றுக்குள் பால் சூடாக விழும்.

எனக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயதிருக்கும். வெயில் கொளுத்தும் பங்குனியில் கம்பளி போர்த்திக் கிடந்தேன். தலைவாரினால் சீப்போடு முடி வந்தது. முழங்கையில் எலும்பு முட்டி நின்ற இடத்தில் படுக்கை பட்டாலே வலிக்கும். சாப்பிடச் சொன்னால் சாப்பிட மாட்டேன். என்னால் முடியவில்லை.

போன வாரம் அப்பாவின் கட்டுமரத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து, ஆனிக் கடலில் அது கவிழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இவ்வளவு வயதான பிறகும் அந்த இடத்துக்குப் போவதென்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த வாரம் எப்படியாவது எழுதிவிட வேண்டும்.

பாய்க்கு வெளியே

எங்கள் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேருவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு அது. முட்டத்தில் எங்கள் வீடு, பாறைக்கும் கோவிலுக்கும் நடுவே இருந்தது. எங்களுக்குக் கோவில் என்றால் மாதா கோவில். அப்பா சூசை, அம்மா, நான், தங்கச்சி செலின். நான்கே பேர்.

மரம் கவிழ்ந்தபோது கூடப் போனவர் நீந்திக் கரையேறிவிட்டார். அப்பா வரவில்லை. சில நாள் கழித்து, மேற்கே இனயம் பக்கத்தில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாக ஆள் வந்தது. பாயில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தார்கள். கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்த அந்தத் துணிக் கயிற்றை வைத்துத்தான் அப்பா என்று அறிந்திருக்கிறார்கள்.

கூட வந்தவர்களில் ஒருவர் எங்கள் பெரியப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிள்ளையளுக்கு மொகத்தக் காட்டாண்டாம். மீனு கொத்திப்போட்டு."

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவருக்குத் தெரியாது.

பாய் நீளம் போதவில்லை. மறு முனையில் அப்பாவின் பாதங்கள் வெளியே தெரிந்தன. ஊதி, வெளுத்து, விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல். அவற்றை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ வந்து என்னைத் திருப்பிவிட்டார்கள்.

சாவு வீட்டுத் துக்கம் எல்லா வீட்டையும் போலத்தான் நடந்தது. செபமாலை சொன்னார்கள். உறவுக்காரர்கள் கஞ்சி கொண்டுவந்து தந்தார்கள். அந்தக் கஞ்சியை நான் குடித்தேன். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

துக்கம் தீர்ந்த கொஞ்ச நாளில் கரையில் சாளை அடித்தது. மணல் தெரியாத அளவுக்கு மீன். அதுவரை வீட்டை விட்டு இறங்காத அம்மா, அன்றைக்குத்தான் முதன்முதலாக மீன்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளூர்ச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்து மிச்சத்தைக் கறி வைத்தாள். தேங்காயும் கொத்தமல்லியும் அரைத்து, புளி ஊற்றி, மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டு.

எனக்கு நல்ல பசி. ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்துவிட்டேன். கடித்த பிறகுதான் அந்த மனிதர் சொன்னது காதில் கேட்டது.

இந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது?

அவ்வளவுதான். வாயில் இருந்ததைத் துப்பவும் பயம், விழுங்கவும் பயம். எழுந்து கொல்லைக்கு ஓடினேன்.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு மீன் தின்னக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். சின்ன வயதில் மடி நிறையச் சாளை கொண்டுவருவார். கரையிலேயே காய்ந்த ஓலையைக் கொளுத்தி அதில் போட்டு வாட்டி, முள்ளெடுத்து ஊதி ஊதி என் வாயில் வைப்பார். கரியும் உப்பும் சேர்ந்த அந்த ருசி எனக்கு எல்லாப் பண்டத்தையும் விடப் பெரிசு. கறியில் கிடந்த சாளையைக் கடித்தபோதும் எனக்கு அந்த ருசிதான் தெரிந்தது. அதனால்தான் இன்னும் பயந்தேனோ என்னவோ.

கஞ்சி குடிச்சியா?

முதலில் மீன் மட்டும்தான் ஆகவில்லை. அப்புறம் மீன் கறி வைத்த சட்டியில் வேறு எது வைத்தாலும் ஆகவில்லை. அப்புறம் மீன் வெட்டின கையால் அம்மா போட்ட சோறு. அப்புறம் சோறே. ஒவ்வொரு பருக்கையும் வெளுத்து ஊதினதாகத் தெரியும். கடைசியில் கிணற்று வெள்ளம் குடிக்கும்போதுகூட, கடலும் கிணறும் அடியில் ஒன்றுதானே என்று தோன்ற ஆரம்பித்தது.

பயம் இப்படித்தான் வளர்ந்தது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலில் வந்து நிற்கும்.

எங்கள் கரையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது "கஞ்சி குடிச்சியா?" என்றுதான். காலையில், மத்தியானத்தில், கோவில் வாசலில், கிணற்றடியில், எங்கும் அதே கேள்வி. அன்பாகத்தான் கேட்பார்கள். எனக்கு அது போலீஸ்காரன் கேட்பது மாதிரி இருக்கும். "குடிச்சேன், குடிச்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு போவேன். பிறகு ஆள் வரும் வழியையே விட்டு, பாறைக்குப் பின்னால் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

வீட்டில் தட்டோடு கொல்லைக்குப் போய், மணலைத் தோண்டிச் சோற்றைப் புதைத்துவிட்டு வருவேன். ஒருநாள் கோழி கிளறி எல்லாம் வெளியே வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மண்ணில் உட்கார்ந்து அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு என்னத்துக்கு இந்தத் தண்டனை? எங்கிட்ட சொல்லு மக்கா."

நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் என் பெரிய பயம். ஊர் முழுக்க மீனைத் தின்று மீனை விற்று வாழ்கிற ஊர். இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னால் அம்மா காதில் விழும். அம்மாவும் தின்ன மாட்டாள். பெட்டி தூக்க மாட்டாள். செலினுக்கும் தெரிந்துவிடும். அவளும் என்னைப் போல் ஆகிவிடுவாள். இது தொற்றுகிற வியாதி. என் வாயை மூடி வைத்திருக்கும் வரைக்கும்தான் அவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்று நம்பினேன்.

பள்ளிக்கூடம் நின்றது. நடந்தால் கண் இருட்டியது. பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருவதும் நின்றுபோயிற்று.

அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்கள்

ஊரில் பேச்சு வர ரொம்ப நாள் ஆகவில்லை. சூசை ஆவிதான் மகளைப் பிடித்திருக்கிறது, கடலில் செத்தவனுக்கு அடங்காத பசி, மகள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறான் என்றார்கள்.

பெரியப்பா ஒரு மந்திரக்காரனை அழைத்துவந்தார். கிறிஸ்தவ வீட்டில் இதெல்லாம் கூடாதென்று அம்மா கெஞ்சினாள். பெரியப்பா கேட்கவில்லை. மத்தியானம் கதவைச் சாத்தினார்கள். மிளகாய் போட்டுப் புகைத்தார்கள். அந்த ஆள் பிரம்பை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்றான்.

"புஷ்பம்" என்றேன். என் பேர் மரியபுஷ்பம்.

"அவ பேரு வேண்டாம். ஒனக்க பேரு! சூசைதானே நீ? என்ன வேணும் ஒனக்கு? தின்ன என்ன வேணும்?"

புகையில் இருமிக்கொண்டே எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே இருப்பது நானா, அப்பாவா? அப்பாவுக்குப் பசிக்கிறதோ? என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயம் பயந்ததில்லை. முதுகில் இரண்டு அடி விழுந்தது. வலி தெரியவில்லை. அப்பா பேரை அவன் அப்படிக் கூப்பிட்டதுதான் வலித்தது.

விஷயம் கேள்விப்பட்டு எங்கள் மாதா கோவில் சாமியார் வந்தார். கதவைத் தள்ளித் திறந்தார். என் கையைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் கைக்குள் ஒரு குச்சி மாதிரிக் கிடந்தது. அவர் முகம் மாறிவிட்டது. பெரியப்பாவிடம் சத்தம் போடவில்லை. அம்மாவைப் பார்த்து, "நாளைக்கு மொத பஸ்ஸில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. தாமதிச்சா பிள்ளை நிக்காது" என்றார்.

பயத்துக்கு உயரம்

அப்படித்தான் அந்த எனாமல் தட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழாய் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே போயிருப்பேன். ஆனால் அவர்கள் ஊற்றுவதும் நான் கக்குவதுமாக நாள் போனது. குடலில் புண் என்றார்கள், காசம் என்றார்கள். ஒன்றும் இல்லை.

அங்கே ஏலியம்மா என்று ஓர் இளம் டாக்டர் புதிதாக வந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். முன்பு மனநோயாளிகள் ஆஸ்பத்திரி ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். அவர் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்ததும், என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று நடுங்கிவிட்டேன்.

ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்கவேயில்லை.

"குட்டிக்குப் பேடி உண்டோ?" என்றார். பேடி என்றால் பயம்.

தலையாட்டினேன். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"எத்தர உயரம்? கையால காட்டு."

முதலில் புரியவில்லை. பிறகு கையைத் தூக்கித் தலைக்கு மேலே காட்டினேன்.

அவர் ஓர் ஏற்பாடு செய்தார். கொஞ்சம் கஞ்சித் தெளிவை நானே குடித்தால் அந்த வேளைக்குக் குழாய் கிடையாது. பெரிய டாக்டர் சம்மதிக்கவில்லை. பிள்ளை செத்தால் யார் பதில் சொல்வது என்று வராந்தாவில் நின்று சத்தமாகக் கேட்டது எனக்கே கேட்டது. ஏலியம்மா டாக்டர் பதில் சொன்ன குரல் நடுங்கியது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு தட்டில் கொஞ்சம் சோறு வைத்து வார்டின் கடைசி ஜன்னலில் வைப்பார். நான் தின்ன வேண்டாம், பார்த்தால் போதும். பார்ப்பேன். நெஞ்சு தடதடவென்று அடிக்கும். கை தலைக்கு மேலே போகும். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நேரம் போகப் போக, என் கை கழுத்துக்கு இறங்கும், இடுப்புக்கு இறங்கும்.

"ஏறின பேடி இறங்கும், குட்டி. இறங்குறது வர நான் போக மாட்டேன்."

அவர் போகவில்லை. தட்டு கட்டில் கட்டிலாக என் பக்கம் நகர்ந்து வந்தது. என் முழங்கால் மேல் வந்தது. ஒரு நாள் ஒரு பருக்கையை நாக்கில் வைத்தேன். பிறகு பயற்றங்கஞ்சி அரைக் குவளை குடித்தேன். நர்ஸம்மா சிரித்தார். குழாயை எடுத்துப் போய்விட்டார்கள். நானும் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கால் ஊதியது

கஞ்சி குடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கக் காலைத் தொங்கவிட்டேன். பாதம் கனத்தது. குனிந்து பார்த்தேன்.

என் பாதங்கள் ஊதி வெளுத்திருந்தன. விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

நான் கத்தின கத்தலில் வார்டே எழுந்துவிட்டது. கடல் எனக்குள் வந்துவிட்டது, நான் தின்ற சோற்றின் வழியாக வந்துவிட்டது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. விரலைத் தொண்டைக்குள் விட்டேன். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். தூரத்தில் புனல் உரசும் சத்தம் கேட்டது.

ஏலியம்மா டாக்டர் ஓடி வந்தார். எல்லாரையும் விலகச் சொன்னார். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பு திரும்பச் சாப்பிடும்போது சில பேருக்குக் காலில் நீர் கோத்துக்கொள்ளும், வடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பாவுக்க காலு" என்றேன். "இது அப்பாவுக்க காலு."

வாய் திறந்துவிட்டது. பாய், உத்தரியம், அந்த மனிதர் சொன்னது, சாளைக் கறி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. இவரும் இனிச் சாப்பிட மாட்டார், இவரையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு எனக்கு அறியில்ல, குட்டி" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. என் ஊதிய பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது யாரு கேட்டா உனக்குக் கூடுதல் பேடி?"

"அம்மா."

அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

அம்மா சொன்னது

அம்மா மறுநாள் மத்தியானம் வந்தாள். சந்தையில் வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். என்னிடம் வரும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். தோல் உரிந்திருந்தது. அப்படியும் மீன் வாசம் போகாது.

டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார் என்னிடம். என் கை தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும் போயிற்று. அவர் காத்திருந்தார். சொன்னேன். பாதியில் அம்மா முகத்தைப் பார்த்தேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அம்மா அழுவாள், கத்துவாள், காதைப் பொத்துவாள் என்று பார்த்திருந்தேன். அவள் என்னையே வெறித்துப் பார்த்தாள்.

"இதுக்காட்டி நீ சாவக் கெடந்த?"

நான் போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

"நீ காலத்தான் பாத்த, மக்கா. நான் பாயத் தெறந்து மொகத்தப் பாத்தேன். எல்லாரும் வேண்டாம்னு பிடிச்சாவ. எனக்க புருஷன் மொகத்த நான் பாக்காம யாரு பாப்பா?" மூச்சு வாங்கினாள். "மொத நாளு பெட்டியத் தலையில தூக்கும்போ எனக்கும் அந்த நெனப்புதான் வந்துது. எறக்கி வச்சிட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் குடலு வெளிய வாற மாதிரி கக்குனேன். பின்ன மொகத்தக் கழுவிட்டு வந்து தூக்குனேன். தூக்கலன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் என்னத்த வச்சுத் தருவேன்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"எப்படிட்டி சொல்லுவேன்? கேட்டா நீ தின்னாம போயிருவியேன்னு பயம்."

டாக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா என் பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அந்தக் கையை நான் தொட்டதில்லை.

"இப்பவும் அந்த நெனப்பு வருமா?" என்று கேட்டேன்.

"வரும். எல்லா நாளும் வரும்" என்றாள் அம்மா.

வீடு

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாளும் தட்டைக் கண்டு பயந்தேன். கால் வீக்கம் வடியும் வரை போர்வையை விலக்கவே இல்லை. அடுத்த வருஷம் ஆனி பிறந்தபோது திரும்பவும் சோறு இறங்காமல் போய், கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஏலியம்மா டாக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். ஆனால் அவர் செய்ததைச் செய்ய அம்மா கற்றிருந்தாள். பயம் இறங்கும் வரைக்கும் பக்கத்தை விட்டு எழும்ப மாட்டாள்.

முதல் முறை வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடல் வாசம் அடித்தது. காலைப் பின்னால் வைத்தேன். அம்மா கையை விடவில்லை.

அம்மா எனக்கென்று மரச்சீனிக் கிழங்கைப் புதுப் பானையில் அவித்திருந்தாள். செலினுக்கும் தனக்கும் சாளைக் கறி. ஒளித்து வைக்கவில்லை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நான் கதவை ஒட்டி, ஓடுவதற்குத் தோதாக உட்கார்ந்திருந்தேன்.

அப்பா செத்த பிறகு சாப்பிடுகிற இடத்தில் அவர் பேரை யாரும் எடுத்ததில்லை. அன்றைக்கு அம்மா எடுத்தாள்.

"ஒங்கப்பன் ஒரு நாளு கடல்ல போன கத தெரியுமா? மரத்தில இருந்து ஒறங்கி வெள்ளத்தில விழுந்தாரு. விழுந்தவரு கேக்காரு, 'விளக்க யாருல அணைச்சது?'ன்னு. பட்டப்பகல்!"

செலினுக்குச் சிரித்துப் புரை ஏறியது. அம்மா அவள் தலையில் தட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னாள். அப்பா கல்யாணத்தன்று செருப்பு போட்டு நடக்கத் தெரியாமல் கோவில் படியில் விழுந்தது. நான் ஒன்று சொன்னேன், ஓலை கொளுத்தும்போது அவர் மீசை கருகின கதை. அம்மாவுக்கு அது தெரியாது. "அப்படியா? எங்கிட்ட கப்பலு வெளக்குத் தீ பட்டுக் கருகுச்சுன்னுல்லா சொன்னாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துக் குனிந்தபோது என் தட்டில் கிழங்கு இல்லை. எப்போது தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் வைக்கட்டா?"

"வை" என்றேன்.